அப்பீல் பண்ணாத ஒரு டினையல்

பதினொரு வருஷமாக எனக்குச் சோறு போடுவது 'முடியாது' என்று வரும் கடிதங்கள்தான். ஒஹாயோவில் ஒரு எலும்பு மருத்துவர் குழுவின் பில்லிங் ஆபீசில் வேலை. டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதுவார், இன்சூரன்ஸ் கம்பெனி மறுக்கும், மறுப்பு என் மேஜைக்கு வரும். அதற்கு எங்கள் ஆபீஸ் பாஷையில் டினையல். அதைப் படித்து, நோயாளியின் சார்ட்டைப் படித்து, கம்பெனியின் பாலிசியையும் படித்து, ஒன்றரைப் பக்கத்தில் ஒரு அப்பீல் கடிதம் எழுதுவேன். வாரத்துக்குக் குறைந்தது பத்து வரும். கூட்டிப் பார்த்தால் ஐயாயிரம் கடிதம் தாண்டியிருக்கும். அத்தனையும் ஆங்கிலத்தில்.

அப்படிப்பட்ட என்னிடம் ஒரு கம்யூனிட்டி காலேஜ் அட்வைசர், "உங்களுக்கு ஆங்கிலத்தில் எழுதத் தெரியும் என்பதற்கு ஃபைலில் ஆதாரம் எதுவும் இல்லையே" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. என் ஆபீஸிலும் தினமும் இதே வாக்கியம்தானே வருகிறது, ஃபைலில் ஆதாரம் இல்லை என்று!

கல்லூரிப் பக்கம் நான் ஏன் போனேன் என்றால், ஆர்.எச்.ஐ.டி. என்ற சர்டிஃபிகேட்டுக்காக. மருத்துவ ஆவணங்களைக் கையாளும் எங்கள் தொழிலில் அது இருந்தால்தான் அடுத்த படி. அந்தப் பரீட்சை எழுத, அங்கீகாரம் பெற்ற ஒரு இரண்டு வருஷ அசோசியேட் டிகிரி முடித்திருக்க வேண்டும். என்னிடம் ஊரில் வாங்கிய பி.ஏ. தமிழ் இலக்கியம் இருக்கிறது. அதை இங்கே மதிப்பிட்டு வாங்கினேன். பொதுப் பாடங்கள் பலவற்றுக்கு கிரெடிட், அதாவது டிகிரிக்குக் கணக்கில் சேரும் புள்ளி, கிடைத்தது. ஆனால் பார்ட் டூ இங்கிலீஷ் என்று நாங்கள் படித்தோமே, அதை 'இலக்கியம், விருப்பப் பாடம்' என்று ஒதுக்கிவிட்டார்கள். யோசித்தால் அதுவும் சரிதான். உரைநடைத் தொகுப்பு, கவிதைத் தொகுப்பு, ஒரு நாடகம், கொஞ்சம் இலக்கணம். நானாக ஒரு வாதத்தைக் கட்டி எழுதிய ஞாபகம் ஒன்றுகூட இல்லை. இங்கே முதல் வருஷத்தில் எல்லோரும் படித்தாக வேண்டிய காம்பொசிஷன் என்ற கட்டுரைப் பாடம் வேறு பிராணி. 1885-இல் ஹார்வர்ட் முதல் வருஷ மாணவர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. அன்றிலிருந்து நர்ஸ் ஆகிறவரும் வெல்டிங் படிக்கிறவரும் அதைத் தாண்டாமல் போக முடிவதில்லை.

காம்பொசிஷன் ஒன்று, இரண்டு என ஒவ்வொன்றுக்கும் 3 கிரெடிட். மூன்று வழி இருக்கிறது என்றார் அட்வைசர். பேசாமல் வகுப்பில் உட்காருவது: 15 வாரம், வாரம் இரண்டு சாயங்காலம். அல்லது கிளெப் என்ற பொதுப் பரீட்சையில் தேறுவது. அல்லது போர்ட்ஃபோலியோ: எழுதியவற்றைத் தொகுத்துக் கொடுத்து மதிப்பிடச் சொல்வது.

கிளெப் எனக்கு முதலில் ஆசை காட்டியது. 1967-இலிருந்து நடக்கிற பரீட்சை. காம்பொசிஷனுக்கு ஐம்பது கேள்வி, அதற்குப் பிறகு 70 நிமிஷத்தில் இரண்டு கட்டுரை. 20-இலிருந்து 80 வரை மதிப்பெண், 50 வாங்கினால் கிரெடிட் கொடுக்கலாம் என்பது பொதுவான சிபாரிசு. ஒரு நாளில் முடிகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையலறை மேஜையில் மகளை டைமர் பிடிக்கச் சொல்லி ஒரு மாதிரிக் கட்டுரை எழுதிப் பார்த்தேன். 30 நிமிஷம். தொழில்நுட்பம் மனிதர்களைத் தனிமைப்படுத்துகிறதா என்று ஏதோ ஒரு தலைப்பு. ஒன்பது வரி எழுதினேன். அதில் நாலை அடித்தேன்.

"அம்மா, நீ டெய்லி எழுதறவதானே?" என்றாள்.

எழுதுகிறவள்தான். ஆனால் எனக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஆள் வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனியில் கடிதத்தைப் பிரித்துப் படிக்கப்போகிற ஒரு ரிவ்யூ நர்ஸ், அவருக்கு இருக்கிற பத்து நிமிஷம், அவர் கையில் இருக்கிற பாலிசி: இதெல்லாம் கண்முன் வந்தால்தான் என் விரல் நகரும். யாருமே இல்லாத அறையில் பேசச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. ஆக, மிச்சம் இருந்தது போர்ட்ஃபோலியோ.

போர்ட்ஃபோலியோ என்றதும் நான் நினைத்துக்கொண்டது இதுதான்: பதினொரு வருஷ அனுபவத்தை ஒரு ஃபைலில் கட்டிக் கொண்டுபோய் மேஜையில் வைத்தால், எடை போட்டு கிரெடிட் கொடுத்துவிடுவார்கள். முதல் சந்திப்புக்கு அப்படித்தான் போனேன். மூன்று அங்குலத் தடிமனில் ஒரு பைண்டர். அதைப் பார்க்க நியமிக்கப்பட்ட பேராசிரியை நரைமுடி, தடிக் கண்ணாடி, அதிகம் பேசாதவர். பைண்டரைப் புரட்டக்கூட இல்லை. "நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது தெரிகிறது. செய்ததிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள்?" என்று மட்டும் கேட்டார். பஸ்ஸில் ஏறி டிக்கெட்டுக்குப் பதில் ஜாதகத்தை நீட்டிய மாதிரி நின்றேன்.

அவர் கேட்டதுதான் இந்தத் துறையின் அடிப்படை விதி என்பது பிற்பாடு தெரிந்தது. வேலையிலோ வீட்டிலோ கற்றதற்குக் கல்லூரி கிரெடிட் தரும் முறைகளை வகுக்க 1974-இல் கேல் என்று ஒரு அமைப்பு உருவானது. அவர்களுடைய விதிகளில் முதன்மையானது, கிரெடிட் அனுபவத்துக்குக் கிடையாது, கற்றலுக்குத்தான் என்பது. முப்பது வருஷம் வண்டி ஓட்டினேன் என்பது அனுபவம். ஈர ரோட்டில் ஏன் முன்கூட்டியே பிரேக்கைத் தொடவேண்டும் என்று இன்னொருவருக்குச் சொல்லத் தெரிவது கற்றல்.

எதற்குச் சமமாகக் கற்றிருக்க வேண்டும் என்பதற்குப் பேராசிரியை ஒரு தாள் கொடுத்தார். காம்பொசிஷன் ஒன்றுக்கு ஐந்து வரி, இரண்டுக்கு ஐந்து வரி. இந்தப் பாடத்தை முடித்த மாணவர் இதையெல்லாம் செய்யத் தெரிந்தவராக இருப்பார் என்ற பட்டியல். நாடு முழுக்க எழுத்துப் பாடங்களை நடத்துகிறவர்களின் சங்கம் 2000-இல் ஒரு பொதுப் பட்டியலை ஏற்றுக்கொண்டு, 2014-இல் திருத்தியும் வெளியிட்டிருக்கிறது. அதையொட்டித்தான் எங்கள் கல்லூரியும் எழுதிக்கொண்டிருந்தது. யாருக்கு, எதற்காக எழுதுகிறோம் என்ற அறிவு, படித்ததை எடைபோடுவது, திருத்தித் திருத்தி எழுதும் முறை, மரபுகள். இன்சூரன்ஸ் பாலிசியைப் படிக்கிற கண்ணோடு அந்தத் தாளைப் படித்தேன். ஒவ்வொரு வரிக்கும் எதிரே என்னிடம் என்ன ஆதாரம் இருக்கிறது என்று பென்சிலில் குறித்தேன். மருத்துவ அவசியத்தை நிரூபிக்கும் அதே வேலை, முதுகெலும்புக்குப் பதிலாக நான்.

போர்ட்ஃபோலியோவில் வைக்க ஐயாயிரம் கடிதத்தில் மூன்றைத் தேர்ந்தெடுப்பது லேசாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆறு வாரம் ஆனது.

முதல் சிக்கல், அந்தக் கடிதங்கள் என்னுடையவையே அல்ல. ஆபீஸ் சொத்து. மேனேஜரிடம் எழுத்தில் அனுமதி வாங்கினேன். அடுத்தது ஹிப்பா. 1996-இல் வந்த சட்டம். நோயாளியை அடையாளம் காட்டும் 18 வகைத் தகவலை நீக்கினால் ஒரு ஆவணம் பெயரற்றதாகக் கருதப்படும். பெயரும் பிறந்த தேதியும் எல்லோருக்கும் தெரியும். சிகிச்சை நடந்த தேதி, ஊர், மெடிக்கல் ரெக்கார்ட் நம்பர் எல்லாம் அதில் சேர்த்திதான். நீக்கிவிட்டுப் பார்த்தால் சில கடிதங்களில் மிஞ்சியது 'அன்புள்ள' என்பதும் என் கையெழுத்தும்தான். அழகான கடிதம் என்று நான் வருஷக்கணக்காக மனசுக்குள் மெச்சிக்கொண்டிருந்த ஒன்று இருந்தது. அதன் அழகு முழுவதும் தேதிகளில் இருந்திருக்கிறது. எந்தத் தேதியில் வலி தொடங்கியது, எந்தத் தேதியில் கம்பெனி போனை எடுக்கவில்லை என்று ஒவ்வொரு நாளாக இறுக்கிக்கொண்டே போகும் கடிதம். கறுப்பு மை பூசியதும் செத்துப்போய்விட்டது.

மூன்றாவது சிக்கலைச் சொல்லவே கொஞ்சம் வெட்கம். பாதிக்கு மேல் டெம்ப்ளேட். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த அம்மாள் எழுதிவைத்த பத்திகள். அவர் ரிடையராகி வருஷமாகிறது, அவருடைய வாக்கியங்கள் இன்னும் என் கையெழுத்தில் ஊரெல்லாம் போய்க்கொண்டிருக்கின்றன. இதில் எது என் வாக்கியம் என்று மஞ்சள் மார்க்கரால் கோடு போட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, முதல் மூன்று வருஷத்தில் நான் எழுதியது என்று சொல்ல அநேகமாக எதுவும் இல்லை. ஊரான் வீட்டுத் திண்ணையைத் தன் வீடு என்று நினைத்த கதை.

கடைசியில் தேறியவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எழுபது வயது தாண்டிய ஒரு பெண்மணிக்கு இடுப்பு அறுவைக்குப் பிறகு வீட்டுக்கு வந்து தரும் பயிற்சி மறுக்கப்பட்டிருந்தது. என் முதல் டிராஃப்ட் டாக்டரின் குறிப்பில் தொடங்கியது: எந்த டிகிரி வரை கால் மடங்குகிறது, தசை வலு எத்தனைக்கு எத்தனை. அது சரியான தகவல்தான், படிப்பவர் கண்ணில் நிற்காது. இரண்டாவது டிராஃப்டில் பாலிசியின் வாசகத்தை மேலே கொண்டுவந்தேன். மூன்றாவது டிராஃப்டுக்கு முன் சார்ட்டின் அடியில் கிடந்த நர்ஸின் ஒரு வரிக் குறிப்பு கண்ணில் பட்டது. வீட்டின் ஒரே குளியலறை மாடியில் இருக்கிறது, பதினான்கு படி. அதைத் தூக்கி முதல் பத்தியில் வைத்தேன். மடக்கும் டிகிரியைப் படிக்குப் பிறகு சொன்னேன். அந்த எண்ணுக்கு இப்போது அர்த்தம் வந்துவிட்டது. பதினான்கு படி ஏற எவ்வளவு மடங்க வேண்டும், இவருக்கு எவ்வளவு மடங்குகிறது. அப்பீல் ஜெயித்தது.

ஜெயித்ததற்குப் பேராசிரியை மார்க் தரமாட்டார். மூன்று டிராஃப்டும் பழைய மெயில் இணைப்புகளில் அப்படியே கிடைத்ததுதான் பெரிய அதிர்ஷ்டம். திருத்தி எழுதும் முறை என்ற வரிக்கு அதைவிட நல்ல ஆதாரம் வேறு கிடையாது. இதைப் படிக்கிற யாராவது என்றாவது இந்த வழியில் போவதாக இருந்தால், பழைய டிராஃப்டுகளை அழிக்காதீர்கள். முடிந்த கடிதத்துக்குத் தன் கதையைச் சொல்லத் தெரியாது.

இனி முகப்புக் கடிதம். போர்ட்ஃபோலியோவின் உயிர் அதில்தான் இருக்கிறது, என் உயிரை எடுத்ததும் அதுதான். உள்ளே இருக்கும் எழுத்துகளை நானே முன்னிறுத்தி, இதை ஏன் இப்படி எழுதினேன், எங்கே தடுமாறினேன், இதிலிருந்து என்ன தெரிந்தது என்று மூன்று நாலு பக்கம் எழுத வேண்டும். அதாவது 'நான்' என்று தொடங்க வேண்டும். என் தொழிலில் 'நான்' கிடையாது. 'எங்கள் மருத்துவர் கருதுகிறார்', 'ஆவணங்கள் காட்டுகின்றன', அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதிப் பழகியதும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று யாரோ ஒருவர் குரலில்தான். நாற்பத்து நாலு வயதில் என்னைப் பற்றி நானே ஒரு பத்தி எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால் வேலை விண்ணப்பம்.

மகளிடம் காட்டினேன். அவளுக்கு அந்த வருஷம் பள்ளியில் ஏ.பி. லாங்குவேஜ், கல்லூரித் தரத்து ஆங்கில எழுத்துப் பாடம். சிவப்புப் பேனாவைப் பற்களுக்கு இடையே வைத்துக்கொண்டு படித்தாள்.

"என்னம்மா இது, எல்லாத்துலயும் நீ ஜெயிக்கிறியே?"

"ஜெயிச்சதைத்தானே காட்டணும்?"

"தப்பு பண்ணதைச் சொல்லுமா. அப்பத்தான் நீ கத்துக்கிட்டன்னு தெரியும்."

பதினாறு வயசுக்கு இது ரொம்ப அதிகம் என்று மனசுக்குள் திட்டிவிட்டு, டெம்ப்ளேட் கதையை எழுதினேன். அதற்குப் பிறகு எழுதியது எனக்கே எதிர்பாராதது. நான் முதலில் எழுதிய அப்பீல்களில் கோரிக்கை எப்போதும் கடைசிப் பத்தியில் வரும். கேட்க வேண்டியதைச் சுற்றிச் சுற்றி வந்து, எல்லாம் சொல்லி முடித்து, தயங்கித் தயங்கிக் கடைசியில் கேட்பேன். மேனேஜர் பல தடவை சிவப்பில் அம்புக்குறி போட்டு அதை மேலே ஏற்றியிருக்கிறார். ஏன் அப்படி எழுதினேன்? நான் கடிதம் எழுதக் கற்றது அம்மா சொல்லச் சொல்லத்தான். நலம், நலமறிய ஆவல். அப்புறம் மழை, அப்புறம் பக்கத்து வீட்டுக் கல்யாணம். கடைசியில், மடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில், பணம் அனுப்ப முடியுமா என்று ஒரு வரி. எடுத்த எடுப்பில் கேட்பது மரியாதை இல்லை. ரிவ்யூ நர்ஸுக்கோ எடுத்த எடுப்பில் சொல்வதுதான் மரியாதை, அவர் நேரத்தை மதிப்பது. இரண்டு மரியாதைக்கும் இடையில் பதினொரு வருஷம் நடந்திருக்கிறேன் என்று எழுதினேன். அந்தப் பத்தியை மட்டும் நான் திருத்தவே இல்லை.

அனுப்பிவிட்டுக் காத்திருந்த நாட்களில், இதையெல்லாம் எப்படித்தான் திருத்துகிறார்கள் என்று தேடிப் படித்தேன். தூக்கம் வராத ராத்திரிகளுக்கு நல்ல பொழுதுபோக்கு. 1961-இல் ஒரு ஆய்வு. 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்து, ஒன்பது தரமாகப் பிரிக்கச் சொன்னார்கள். பேராசிரியர்கள், எடிட்டர்கள், வக்கீல்கள், வியாபாரத்தில் இருப்பவர்கள் எல்லாம் அதில் உண்டு. ஒரு கட்டுரைக்குக்கூட ஐந்து விதமான தரத்துக்குக் குறைவாகக் கிடைக்கவில்லை. நூற்றுக்கு முப்பத்து நாலு கட்டுரைகளுக்கு ஒன்பது தரமும் யாராவது ஒருவரிடமிருந்து கிடைத்திருக்கிறது. அதைப் படித்த ராத்திரி சுத்தமாகத் தூக்கம் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் திருத்துகிறவர்களை ஒன்றாக உட்காரவைத்து, மாதிரிக் கட்டுரைகளைப் போட்டு விவாதித்து, ஒரு கட்டுரைக்கு இரண்டு பேர், அவர்கள் ரொம்ப விலகினால் மூன்றாவது ஆள் என்ற பழக்கம் பரவியது. 1980-களில் நியூயார்க்கின் ஸ்டோனி புரூக் யூனிவர்சிட்டியில் பேராசிரியர்கள் பீட்டர் எல்போவும் பாட் பெலனாஃபும் ஒற்றைப் பரீட்சைக் கட்டுரையைத் தூக்கிவிட்டு, செமஸ்டர் முழுக்க எழுதியதிலிருந்து தொகுத்துக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1990-இல் மயாமி யூனிவர்சிட்டி, கல்லூரிக்குள் நுழையும்போதே போர்ட்ஃபோலியோ கொடுத்து எழுத்துப் பாடத்துக்கு கிரெடிட் வாங்கலாம் என்று அறிவித்தது. முகப்புக் கடிதம் ஒன்று, கதை அல்லது வர்ணனை ஒன்று, வாதமோ விளக்கமோ ஒன்று, படித்த ஒன்றுக்கு எதிர்வினை ஒன்று என நாலு துண்டு, ஆறு புள்ளி அளவுகோல். மயாமி என்றதும் நான் கடற்கரையைக் கற்பனை செய்துகொண்டேன். அது ஃப்ளோரிடாவில் இல்லை. எங்கள் ஒஹாயோவிலேயே, ஆக்ஸ்ஃபர்ட் என்ற ஊரில் இருக்கிறது. இந்த ஊர்க்காரர்களுக்குப் பெயர் வைப்பதில் ஒரு தாராளம்.

எங்கள் கல்லூரியில் அப்படிப் புள்ளி அளவுகோல் எதுவும் இல்லை. இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து, ஒவ்வொரு வரிக்கும் நிறைவேறியது, நிறைவேறவில்லை என்று எழுதுவார்கள்.

ஐந்தாவது வாரம் மெயில் வந்தது. ஆபீஸில் இருந்தேன். காம்பொசிஷன் ஒன்று, ஐந்து வரியும் நிறைவேறியது, 3 கிரெடிட். காம்பொசிஷன் இரண்டு, மூன்றாவது வரியும் நாலாவது வரியும் நிறைவேறவில்லை, கிரெடிட் மறுக்கப்படுகிறது. ஆட்சேபம் இருந்தால் 30 நாளுக்குள் அப்பீல் செய்யலாம்.

டினையல்! எனக்கே!

பக்கத்து மேஜைக்காரியிடம் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் போனில் இருந்த கஸ்டமரை ஹோல்டில் போட வேண்டியதாயிற்று. "உன்னிடமா வைத்துக்கொண்டார்கள்?" என்றாள். எனக்கும் கை பரபரவென்றது. முதியவர்களுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேரில் முதல் அப்பீலுக்கு 120 நாள் தருகிறார்கள், அதையே நான் பெரும்பாலும் முதல் வாரத்தில் அனுப்பிவிடுகிறவள். இவர்கள் முப்பது நாள் கொடுத்திருக்கிறார்கள். அன்று ராத்திரியே சாப்பாட்டை முடித்துவிட்டு உட்கார்ந்தேன். கோரிக்கையை முதல் வரியில் வைத்தேன். பழக்கமாயிற்றே.

என் தொழிலில் அப்பீல் எழுத ஒரு ஒழுங்கு உண்டு. மறுத்த காரணத்தை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள். பாலிசி வாசகத்தைப் பக்கத்தில் வை. ஃபைலில் எந்தப் பக்கம் அதை நிறைவேற்றுகிறது என்று விரல் வைத்துக் காட்டு. மூன்றாவது வரி: மூலங்களின் நம்பகத்தையும் சார்பையும் எடைபோடுதல். நாலாவது: மாற்றுக் கருத்துகளை நியாயமாக எடுத்துச்சொல்லி அவற்றோடு வாதிடுதல். காம்பொசிஷன் இரண்டுக்காக நான் கொடுத்திருந்த ஆய்வுக் கட்டுரை, இன்சூரன்ஸ் கம்பெனிகளின் முன் அனுமதி முறை சிகிச்சையை எப்படித் தாமதப்படுத்துகிறது என்பது. என் சொந்தக் கோபம், எட்டுப் பக்கம். பத்து மூலங்கள், மேற்கோள் குறிப்புக்கான எம்.எல்.ஏ. முறைப்படி. எங்கே நிறைவேறவில்லை?

பேராசிரியையின் குறிப்பு கடிதத்தோடு இருந்தது. இரண்டே கேள்வி. ஒன்று: பத்தில் ஒன்பது மருத்துவர்களுக்கு மேல் தாமதம் ஆகிறது என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த சர்வேயை நடத்தியது யார்? நடத்தியது அமெரிக்க மருத்துவர் சங்கம். மருத்துவர்களின் சங்கம் மருத்துவர்களிடம் கேட்ட கேள்வி. அதனால் அது பொய்யாகிவிடாது, ஆனால் அதை நான் சொல்லவே இல்லை. இரண்டு: முதுகுவலிக்கு முதல் ஆறு வாரத்தில் ஸ்கேன் வேண்டாம் என்று மருத்துவர்களே சொல்லியிருக்கிறார்களே, உங்கள் வேலையில் அதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது, கட்டுரையில் எங்கே?

எனக்கு முகம் சூடானது. பார்க்காமலா? 2012-இல் 'சூசிங் வைஸ்லி' என்ற முயற்சியில் குடும்ப மருத்துவர்களின் அமைப்பு வெளியிட்ட பட்டியலில் அது இருக்கிறது. அபாய அறிகுறிகள் இல்லாவிட்டால், முதல் ஆறு வாரத்தில் முதுகுவலிக்குப் படம் எடுக்க வேண்டாம். பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும், படம் எடுத்தால் பார்க்கத் தேவையில்லாததெல்லாம் தெரிந்து வீண் சிகிச்சைக்கு இழுக்கும் என்பது காரணம். எனக்கு வரும் எம்.ஆர்.ஐ. டினையல்களில் ஆறு வாரம் என்ற வார்த்தை இல்லாததைத் தேடித்தான் எடுக்க வேண்டும். எனக்கு அது மனப்பாடம். கட்டுரை எழுதும்போது ஞாபகத்துக்கும் வந்தது, அதுவும் நிஜம். சேர்த்தால் வாதம் பலவீனமாகும் என்று விட்டேன். பதினொரு வருஷப் பழக்கம். எதிராளிக்கு ஆயுதம் எடுத்துக் கொடுப்பார்களா?

அப்பீல் கடிதத்தில் நாலாவது வரிக்கு எதிரே பக்க எண் போட வேண்டிய இடத்தில் கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது. போட எண் இல்லை. ஃபைலில் இல்லாததை ஜாடையால் நிரப்பி எழுதும் அப்பீல்களும் உண்டு, நானும் எழுதியிருக்கிறேன், ஒன்றிரண்டு ஜெயித்தும் இருக்கிறது. ஆனால் எங்கள் ஆபீஸில் புதுசாகச் சேருகிறவர்களுக்கு நான் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே அப்பீல் பண்ணக்கூடாத டினையல் எது என்பதைத்தான். ஃபைலை மூடினேன். என் கணவர் சோபாவிலிருந்து "அனுப்பிட்டியா?" என்றார். "அவங்க சொல்றது சரிங்க" என்றேன். டிவியை மியூட் செய்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். இந்த வீட்டில் நான் அடிக்கடி சொல்லும் வாக்கியம் அல்ல அது.

கணக்கு கேட்பவர்களுக்காகச் சுருக்கமாக. மதிப்பீட்டுக் கட்டணம் பாடத்துக்கு 150 டாலர், கிரெடிட் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது. வகுப்புக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ட்ரான்ஸ்க்ரிப்டில் மதிப்பெண் வராது, கிரெடிட் என்று மட்டும் விழும், சராசரி மதிப்பெண்ணான ஜி.பி.ஏ.வில் சேராது. எங்கள் கல்லூரியில் அறுபது கிரெடிட்டில் குறைந்தது பதினைந்து கிரெடிட் வகுப்பில் உட்கார்ந்து வாங்கியதாக இருக்க வேண்டும். பின்னால் வேறு கல்லூரிக்கு மாறினால் அவர்கள் இந்த கிரெடிட்டை ஏற்பார்களா என்பது அவர்கள் முடிவு. அதை முன்னாடியே, மெயிலில், கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. நேரம் மிச்சமா என்றால், எனக்கு இல்லை. 15 வார வகுப்பை ஆறேழு மாத ராத்திரிகளால் ஈடுகட்டினேன்.

இப்போது செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் காம்பொசிஷன் இரண்டு வகுப்பில் இருக்கிறேன். என் மகளைவிட இரண்டு வயது மூத்தவர்கள் நடுவில், ஜன்னலோரம். பக்கத்தில் உட்காரும் பையன் முதல் நாள் என்னை ஆசிரியை என்று நினைத்து எழுந்து வழிவிட்டான். ஆசிரியர் வேறு ஒருவர், இளைஞர். ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு கேட்டார். முன் அனுமதி என்றேன். அதே தலைப்புதான், விடுவதாக இல்லை. முதல் வேலையாக எதிர்த்தரப்பின் பத்தியை எழுதி வரச் சொன்னார், எதிர்த்தரப்பில் இருப்பவர் படித்தால் 'ஆமாம், இதைத்தான் சொல்கிறேன்' என்று தலையாட்டும்படி.

எனக்கு ஒரு ரிவ்யூ நர்ஸைக் குரலில் மட்டும் பல வருஷமாகத் தெரியும். போனில் சண்டை போட்டே பழக்கமானவர். அவரை எதிரே உட்காரவைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினேன். அவர் மேஜையிலும் ஒரு நாளைக்கு இத்தனை ஃபைல் என்று கணக்கு இருக்கும். அந்த ஆறு வாரத்தை அவர் நிஜமாகவே நம்புகிறவராகவும் இருக்கலாம். மூன்று ராத்திரியில் நாலு வரி வந்திருக்கிறது. இரண்டாவது வரியில் 'என்று கம்பெனிகள் சொல்லிக்கொள்கின்றன' என்று இருந்ததை நேற்று அடித்துவிட்டு 'என்று கம்பெனிகள் சொல்கின்றன' என்று மாற்றினேன். வியாழக்கிழமை கொடுக்க வேண்டும்.